பர்சனல் லோனோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்ஷூரன்ஸை ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

வீட்டு மொட்டை மாடி ஒழுகியது. தளம் போட்டு, பக்கச் சுவரையும் சரி செய்ய 5 லட்சம் கடன் கேட்டேன். ஒரு தனியார் நிதி நிறுவனம் 14 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்குத் தருவதாகச் சொன்னது. மூன்றாம் தேதி பணம் வந்தது. வந்த தொகை 4,66,960 ரூபாய்.

பிராசஸிங் கட்டணம் வரியோடு 11,800 பிடிப்பார்கள் என்று தெரியும். மீதி 21,240 ரூபாய் எங்கே போனது என்று எனக்குப் புரியவே மூன்று வாரம் ஆனது. லோன் வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் தம்பியிடம் கேட்டபோது, "அது லோன் சுரக்ஷா அக்கா, எல்லாருக்கும் போடுறதுதான், கம்பல்சரி" என்றார். லோனோடு எடுத்த இன்ஷூரன்ஸுக்குத்தான் அவர் அந்தப் பெயரைச் சொன்னார். கட்டாயம் என்று அவர் சொன்னது சரியில்லை. அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க எனக்கு 43 நாள் பிடித்தது. வழி முன்பே தெரிந்திருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். இது இந்தியாவில் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ பர்சனல் லோன் வாங்கியவர்களுக்கானது.

1. உங்கள் பெயரில் என்ன எடுத்திருக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

நான்கு காகிதங்களைத் தேடி எடுங்கள்.

முதலாவது, கே.எஃப்.எஸ். எனப்படும் முக்கிய விவரத் தாள். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் எல்லாத் தனிநபர் கடனுக்கும் இதைக் கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் கட்டணங்கள் இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்: கடன் கொடுப்பவருக்குப் போவது ஒன்று, அவர் மூலமாக வேறொருவருக்குப் போவது இன்னொன்று. இன்ஷூரன்ஸ் இரண்டாவதில் இருக்கும். அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கடன் காலத்தில் வசூலிக்கக் கூடாது. உங்கள் தாளில் இன்ஷூரன்ஸ் கட்டம் காலியாக இருந்து, பணம் மட்டும் பிடிக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு காகிதமே உங்களுக்குப் பெரிய ஆயுதம்.

இரண்டாவது, சாங்ஷன் லெட்டர், அதாவது கடன் அனுமதிக் கடிதம். மூன்றாவது, லோன் கணக்கின் ஸ்டேட்மென்ட். செயலியிலேயே இறக்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மெயிலில் கேளுங்கள்.

நான்காவதுதான் முக்கியம்: இன்ஷூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய சான்றிதழ். லோனோடு வரும் காப்பீடு பெரும்பாலும் குழுக் காப்பீடு. முதன்மைப் பாலிசி கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும். உங்களுக்கு வருவது 'சர்டிஃபிகேட் ஆஃப் இன்ஷூரன்ஸ்'. எனக்கு அது ஒன்பதாம் தேதியே மெயிலில் வந்து ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. அனுப்பியவர் பெயர் எனக்குப் பரிச்சயமில்லாத ஏதோ ஒரு காப்பீட்டு நிறுவனம். பி.டி.எஃப். பூட்டப்பட்டிருந்தது, திறக்கப் பிறந்த தேதியைப் போட வேண்டும். உங்கள் மெயிலில் லோன் கொடுத்தவர் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். 'சர்டிஃபிகேட்', 'பாலிசி', 'மெம்பர்', 'சுரக்ஷா', 'புரொடெக்ட்' என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். எஸ்.எம்.எஸ்.-ஸிலும் லிங்க் வந்திருக்கலாம்.

சான்றிதழ் கிடைத்ததும் அது எந்த வகை என்று பாருங்கள். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது என்றால், நீங்கள் இறந்தால் மிச்சக் கடனை அடைக்கும் காப்பீடு. பொதுக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது என்றால், விபத்து, தீவிர நோய், வேலை இழப்பு போன்றவற்றுக்குச் சில தவணைகள் கட்டும் காப்பீடாக இருக்கும். சிலருக்கு இரண்டுமே இருக்கும், இரண்டு தனித்தனிச் சான்றிதழோடு. அப்படியென்றால் இரண்டு கடிதம் எழுத வேண்டும்; ஒன்றை ரத்து செய்தால் இன்னொன்று தானாகப் போகாது.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. ஹெல்த் கார்டு, பர்ஸ் தொலைந்தால் உதவி, டாக்டர் ஆலோசனை என்று ஒரு 'மெம்பர்ஷிப்' கட்டணம். இது இன்ஷூரன்ஸே இல்லை. கீழே சொல்லும் காப்பீட்டு விதிகள் இதற்குப் பொருந்தாது. இதற்குக் கடன் கொடுத்தவரிடமும் அந்தக் கார்டு நிறுவனத்திடமும்தான் நேராக ரத்து கேட்க வேண்டும்.

2. இன்றைக்கே நாள் கணக்குப் போடுங்கள்

ஆயுள் காப்பீட்டுக்கும், ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் ஓடும் மருத்துவ, விபத்துக் காப்பீட்டுக்கும் 'ஃப்ரீ லுக்' என்று ஒரு காலம் உண்டு. பாலிசியைப் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்பு பொதுவாக 15 நாளாக இருந்ததைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஏப்ரல் முதல் 30 நாளாக ஆக்கியது. உங்கள் சான்றிதழில் 'ஃப்ரீ லுக்' என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கும். கடிதம் எழுதும்போது அந்தப் பத்தியைத்தான் சுட்டிக்காட்டப் போகிறீர்கள். அதனால் அதைப் படித்துக் கோடிட்டு வையுங்கள்.

இங்கேதான் முதல் பொறி. 30 நாள் என்பது ஆவணம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து. லோன் பணம் வந்த நாளிலிருந்து அல்ல, முதல் தவணை போன நாளிலிருந்தும் அல்ல. என்னிடம் கிளையில் பேசியவர் லோன் தேதியிலிருந்தே எண்ணினார். மெயில் வந்த தேதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சான்றிதழே வரவில்லை என்றால், "இன்றுவரை எனக்கு ஆவணம் வரவில்லை, அனுப்புங்கள்" என்று உடனே மெயில் போடுங்கள். அந்த மெயில் பின்னால் உதவும்.

டிஜிட்டல் செயலி வழியாக இப்போதுதான் லோன் எடுத்தீர்களா? அப்படியென்றால் லோனையே திருப்பிக் கொடுக்க ஒரு 'கூலிங் ஆஃப்' காலம் உண்டு. குறைந்தது ஒரு நாள்; சில நிறுவனங்கள் அதிகம் தரும். அசலையும் அதுவரைக்குமான செலவையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியே வரலாம்.

3. ரத்து செய்யத்தான் வேண்டுமா?

ஒரு மாலை உட்கார்ந்து இதை யோசியுங்கள். இந்தக் காப்பீடு எல்லாருக்கும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டில் சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான், வேறு டெர்ம் இன்ஷூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இல்லை, லோனில் மனைவியோ தம்பியோ இணை விண்ணப்பதாரராக அல்லது ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால், உங்களுக்கு ஒன்று ஆனால் கடன் அவர்கள் தலையில் நிற்கும். அப்போது முதலில் ஒரு டெர்ம் பாலிசி எடுங்கள். அது கைக்கு வந்த பிறகு இதை ரத்து செய்யுங்கள். சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்து புதிய பாலிசி கிடைப்பது கஷ்டம் என்றால், இதை வைத்துக்கொள்வதே நல்லது. ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் நோயைச் சொல்லியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். என் படிவத்தில் எல்லா உடல்நலக் கேள்விக்கும் 'இல்லை' என்று யாரோ டிக் அடித்திருந்தார்கள். எனக்குத் தைராய்டு உண்டு. உண்மையை மறைத்தார் என்று சொல்லி நாளைக்கு கிளெயிமை மறுக்க இதுவே போதும்.

விலையையும் பாருங்கள். பிரீமியம் 18,000, ஜி.எஸ்.டி. 3,240, ஆக 21,240. அதை நான் கையிலிருந்து கட்டவில்லை, கடனிலிருந்து கட்டினேன். அதற்கும் 14 சதவீதம் வட்டி ஓடுகிறது. என் மாதத் தவணை 11,634 ரூபாயில் 494 ரூபாய் இந்த இன்ஷூரன்ஸுக்கு மட்டும். 60 மாதத்துக்குப் பெருக்கினால் 29,650 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, குழுக் காப்பீட்டுக்கு அந்த விலக்கு பொருந்தாது. டெர்ம் பாலிசி விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இன்ஷூரன்ஸ் எடுத்ததற்காக வட்டியில் சலுகை கொடுத்திருக்கிறார்களா என்று சாங்ஷன் லெட்டரில் தேடுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், ரத்து செய்தபின் வட்டி மாறுமா என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

4. கடிதத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதுங்கள்

நான் செய்த பெரிய தவறு, முதலில் லோன் கிளைக்குப் போனது. அரை நாள் லீவு. அவர்கள் "ஹெட் ஆஃபீஸுக்கு அனுப்புகிறோம்" என்று சொல்லி ஒரு வெள்ளைத் தாளில் என் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏற்புச் சீல் தரவில்லை. அந்தத் தாள் எங்கும் போகவில்லை.

ரத்து செய்யும் அதிகாரம் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்களுடைய வாடிக்கையாளர் சேவை மெயில் சான்றிதழின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதற்கு அனுப்புங்கள். கடன் கொடுத்தவரின் வாடிக்கையாளர் சேவைக்கும் குறைதீர் அதிகாரிக்கும் நகல் வையுங்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நான் எழுதியது ஏறக்குறைய இதுதான்:

"சான்றிதழ் எண் ..., லோன் கணக்கு எண் ... . இந்தச் சான்றிதழ் எனக்கு ... தேதி மெயிலில் கிடைத்தது. ஃப்ரீ லுக் காலத்துக்குள் இதை ரத்து செய்யக் கோருகிறேன். காரணம்: இந்தக் காப்பீடு லோனுக்குக் கட்டாயம் என்று தவறாகச் சொல்லப்பட்டது, உடல்நல விவரங்கள் என்னிடம் கேட்காமலே நிரப்பப்பட்டுள்ளன. நான் எந்த கிளெயிமும் செய்யவில்லை. செலுத்திய பிரீமியத்தை வரியோடு திருப்பித் தரவும். பிடித்தம் ஏதாவது இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டவும். இந்தக் கோரிக்கைக்கு ஒரு எண் தரவும்."

ஆங்கிலத்தில் அனுப்பினால் தலைமை அலுவலகத்தில் சீக்கிரம் நகரும் என்பது என் அனுபவம். மேலே ஆங்கிலம், கீழே தமிழ் என்று இரண்டையும் வைத்தேன்.

இணைக்க வேண்டியவை: சான்றிதழ் நகல், பான் நகல், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் நகல், பெயர் அச்சிட்ட கேன்சல்டு காசோலை அல்லது வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், மெயில் வந்த தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், கே.எஃப்.எஸ். நகல். சில நிறுவனங்கள் தங்களுடைய ரத்துப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும்; அதை அவர்கள் தளத்திலிருந்து இறக்கி முதல் தடவையே சேர்த்துவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

மெயில் அனுப்பிய அன்றே அதே ஆவணங்களை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். ஜெராக்ஸ், தபால் எல்லாம் சேர்த்து எனக்கு நூறு ரூபாயைக் கொஞ்சம் தாண்டியது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரத்து செய்வதற்கென்று தனிக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

5. அப்புறம் வரும் போன்களுக்குத் தயாராக இருங்கள்

மெயில் போய் இரண்டாம் நாள் காலை போன் வந்தது. பேசிய பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சொன்னது ஒவ்வொன்றும் என்னைத் தயங்க வைப்பதற்காக.

"கேன்சல் பண்ணினா லோனும் கேன்சல் ஆகும் மேடம்." ஆகாது. பணம் கொடுத்து முடித்த லோன் இதனால் ரத்தாவதில்லை. வங்கியாக இருந்தால், இன்ஷூரன்ஸ் போன்ற பொருளை வாங்குவது முழுக்க விருப்பம் சார்ந்தது, வேறு வங்கிச் சேவையோடு அதை முடிச்சுப் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது.

"சிபில் ஸ்கோர் அடிபடும்." படாது. சிபிலுக்குப் போவது உங்கள் கடனும் தவணையும். இன்ஷூரன்ஸ் ரத்து அங்கே போவதில்லை. ஆனால் கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது நிச்சயம் ஸ்கோரை அடிக்கும். பணம் திரும்பி வரும்வரை பழைய தவணையை அப்படியே கட்டுங்கள்.

"ஆறு மாசம் கழிச்சு கேன்சல் பண்ணிக்கலாம், இப்ப விட்டுடுங்க." இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 30 நாள் போய்விட்டால் முழுப் பணம் கிடைக்காது. "எனக்கு மெயிலில் பதில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். போனில் 'சரி' என்றோ 'பார்க்கலாம்' என்றோ சொல்ல வேண்டாம். அழைப்பு பதிவாகிறது, உங்கள் கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாக எழுதிக்கொள்வார்கள்.

ஓ.டி.பி. கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தர ஓ.டி.பி. தேவையில்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யிலிருந்து பேசுகிறேன், உங்கள் பாலிசிப் பணத்தை விடுவிக்கிறேன் என்று யார் கூப்பிட்டாலும் அது மோசடி அழைப்பு.

அடுத்தது பந்து விளையாட்டு. இன்ஷூரன்ஸ் நிறுவனம், "முதன்மைப் பாலிசி லோன் கம்பெனி பெயரில் இருக்கிறது, அவர்களிடம் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் வாங்கி வாருங்கள்" என்றது. லோன் கம்பெனி, "இன்ஷூரன்ஸ் அவர்கள் விஷயம்" என்றது. பத்து நாள் இதில் போனது. கடைசியில் இருவரையும் ஒரே மெயிலில் வைத்து, "நான் ... தேதியிலேயே கோரிக்கை கொடுத்துவிட்டேன். உங்கள் இருவருக்குள் தேவைப்படும் ஒப்புதலை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். என் கோரிக்கை தேதி மாறாது" என்று எழுதினேன். மூன்றாம் நாள் ரத்து ஏற்கப்பட்டதாகப் பதில் வந்தது. தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தால் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன்.

6. பணம் எவ்வளவு வரும், எங்கே வரும்

ஃப்ரீ லுக்கில் ரத்து செய்தால் மூன்று பிடித்தம்தான் செய்யலாம்: காப்பீடு ஓடிய நாள்களுக்கான பிரீமியம், மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு, முத்திரைத் தீர்வை. எனக்கு 22 நாள் காப்பீட்டுக்கு 217 ரூபாய், அதற்கு வரி 39, முத்திரைத் தீர்வை 104. ஆக 360 ரூபாய் போக 20,880 திரும்பி வந்தது. ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள் என்றால் கணக்கைக் கேளுங்கள். கோரிக்கை கிடைத்த ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வைத்திருக்கும் கெடு. எனக்கு 31 நாள் ஆனது.

பணம் வந்துவிட்டது என்று இங்கே நிம்மதி அடையாதீர்கள். இரண்டாவது பெரிய பொறி இங்கேதான். பிரீமியம் கடனிலிருந்து போனதால், பணம் என் வங்கிக் கணக்குக்கு வராமல் லோன் கணக்குக்குப் போனது. ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தால் 20,880 ரூபாய் 'எக்ஸஸ்' என்ற தலைப்பில் தனியாக உட்கார்ந்திருந்தது. அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வட்டி பழைய அசலுக்கே ஓடிக்கொண்டிருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் ஐந்து வருடமும் அப்படியே கிடந்திருக்கும்.

கேட்டதும், "பார்ட் பேமென்ட் ஒரு வருஷம் கழித்துத்தான், குறைந்தது இரண்டு தவணை அளவு இருக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு" என்றார்கள். நிலையான வட்டியில் ஓடும் பர்சனல் லோனுக்கு இப்படிக் கட்டணம் வைக்க இடம் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆனால் இது நாம் முன்கூட்டி அடைக்கும் பணமே இல்லை. அவர்கள் பிடித்ததைத்தான் திருப்பித் தருகிறார்கள். அப்படித்தான் நானும் எழுதினேன்: "இது இன்ஷூரன்ஸ் ரீஃபண்ட். பார்ட் பேமென்டாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். கட்டணமின்றி அசலில் கழிக்கவும், இல்லையென்றால் என் வங்கிக் கணக்குக்கு அனுப்பவும்." பன்னிரண்டு நாள் கழித்து அசலில் கழித்தார்கள்.

கழிக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள்: தவணைத் தொகையைக் குறைக்கவா, மாதங்களைக் குறைக்கவா? எனக்கு அப்போது இரண்டு தவணை முடிந்து 58 மீதி இருந்தன. தவணையைக் குறைத்தால் 11,634 என்பது 11,137 ஆகும். மொத்தத்தில் 28,800 ரூபாய் குறைவாகக் கட்டுவேன். தவணையை அப்படியே வைத்து மாதத்தைக் குறைத்தால் கடைசியில் ஏறக்குறைய மூன்றரை தவணை இல்லாமல் போகும். அது 40,000 ரூபாய்க்கும் மேல். மாதச் செலவு சமாளிக்க முடிந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். நான் அதைத்தான் செய்தேன். கேட்காவிட்டால் அவர்களே ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவார்கள்.

7. 30 நாள் தாண்டிவிட்டால்

கதவு முழுதாக மூடிவிடவில்லை. சான்றிதழில் 'சரண்டர்' (பாலிசியைப் பாதியில் ஒப்படைப்பது) அல்லது 'கேன்சலேஷன்' பத்தியைப் பாருங்கள். ஒரே தடவையில் பிரீமியம் கட்டிய பாலிசியில், மீதிக் காலத்துக்கு ஏற்ப ஒரு தொகை திரும்ப வர வாய்ப்பு உண்டு. மாதம் ஆக ஆக அது குறையும். அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

லோனை முன்கூட்டியே அடைத்து முடிக்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். லோன் முடிந்தாலும் இன்ஷூரன்ஸ் தானாக முடிவதில்லை, மீதிப் பிரீமியம் தானாக வருவதுமில்லை. கடன் பாக்கி இல்லை என்று தரும் நோ ட்யூஸ் சான்றிதழ் வாங்கிய கையோடு அதன் நகலை வைத்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சரண்டர் கடிதம் அனுப்புங்கள்.

உங்கள் சம்மதமே இல்லாமல் எடுத்திருந்தால், கையெழுத்து உங்களுடையது இல்லை என்றால், 30 நாள் கணக்குக்குள் மாட்டிக்கொள்ள வேண்டாம். "சம்மதம் எங்கே? படிவத்தின் நகல், ஓ.டி.பி. பதிவு, சரிபார்ப்பு அழைப்பின் ஒலிப்பதிவு தாருங்கள்" என்று கேட்டுப் புகாராகவே போடுங்கள்.

8. பதில் வராவிட்டால் எங்கே போவது

இரண்டு பாதை இருக்கிறது. தப்பு யாருடையது என்று பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

ரத்து செய்யாமல் இழுத்தடிப்பது, பணம் குறைத்துக் கொடுப்பது எல்லாம் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தப்பு. முதலில் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு மெயில். அவர்களுக்கு இரண்டு வாரம். அடுத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 'பீமா பரோசா' தளத்தில் புகார், அல்லது 155255 என்ற இலவச எண். இந்தப் புகார் எண் விழுந்தாலே நிறையப் பேருக்கு வேலை நடந்துவிடுகிறது. அதற்கும் மசியாவிட்டால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி. நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும். அவர்கள் மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரி நகரம், காரைக்காலுக்கும் சேர்த்து அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். வக்கீல் வைக்கக் கூடாது, நீங்களே பேசலாம்.

சம்மதமில்லாமல் பிடித்தது, கே.எஃப்.எஸ்.-ல் காட்டாதது, ரீஃபண்டை அசலில் கழிக்காதது எல்லாம் கடன் கொடுத்தவரின் தப்பு. அவர்களுக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பொறுங்கள். பிறகு ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். புகார் தளம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். இதற்கும் கட்டணம் இல்லை.

எந்தப் பாதையில் போனாலும் தேதி வரிசையாக ஒரு பக்கம் எழுதி முன்னால் வையுங்கள்: என்று பணம் வந்தது, என்று சான்றிதழ் வந்தது, என்று மெயில் போட்டேன், யார் என்ன சொன்னார். கதை எழுத வேண்டாம், தேதியும் இணைப்பும் போதும்.

9. இன்னும் கையெழுத்துப் போடாதவர்களுக்கு

ஏழு நாள் அல்லது அதற்கு மேல் ஓடும் எந்தக் கடனுக்கும், கே.எஃப்.எஸ். கொடுத்த பிறகு முடிவெடுக்க உங்களுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் உண்டு. "இன்னைக்கே போடலைன்னா ஆஃபர் போயிடும்" என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள். அந்தத் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி, தமிழில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கட்டத்தில் தொகை இருந்தால், "இது வேண்டாம், எடுத்துவிட்டுப் புதுத் தாள் கொடுங்கள்" என்று மெயிலில் கேளுங்கள். செயலியில் எடுத்தால் கடைசித் திரைக்கு முந்தைய திரையில் ஏற்கெனவே டிக் அடித்த ஒரு பெட்டி இருக்கும். விரலை மேலும் கீழும் நகர்த்தித் தேடுங்கள். என் விண்ணப்பத்தில் அது 'விதிமுறைகளைப் படித்தேன்' என்ற வரிக்குக் கீழே, சாம்பல் நிற எழுத்தில் இருந்தது.

10. முடிந்த பிறகு கையில் இருக்க வேண்டியவை

ரத்து ஏற்கப்பட்ட மெயில், பிடித்தக் கணக்கு, அசல் குறைந்ததைக் காட்டும் லோன் ஸ்டேட்மென்ட், புதிய தவணை அட்டவணை. இந்த நான்கையும் ஒரே உறையில் போட்டு லோன் முடியும்வரை வைத்திருங்கள். அடுத்த மாதம் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்த தவணை புதிய அட்டவணையோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ஒரு வருடம் கழித்து, அதே காப்பீடு புதுப்பிக்கப்பட்டதாக மெயில் எதுவும் வந்திருக்கிறதா என்று ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள்.